பீட்சா அடுப்பு கட்டுகிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

செங்கல்லில் பீட்சா அடுப்பு கட்டியிருக்கிறோம் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது குவிமாடத்தைப் பற்றித்தான். கல் எப்படிக் கீழே விழாமல் நிற்கிறது, உச்சிக்கல்லை எப்படி வைத்தீர்கள், இந்த மாதிரி. உண்மையில் இந்த வேலையிலேயே சுலபமான பகுதி அதுதான். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு சரிவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கட்டி, சில வருடங்களாக பீட்சா, ரொட்டி, பீன்ஸ் என்று அதில் சமைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: டர்பனில் இந்த அடுப்புக்கு எதிரி தண்ணீர். மண்ணில் இருக்கும் தண்ணீர், கலவையில் போடும் தண்ணீர், விறகுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர், காற்றிலேயே தொங்கிக்கொண்டிருக்கும் தண்ணீர். நம் ஊரில் வருடத்துக்கு ஏறக்குறைய 1000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச் வரையிலான கோடையில். வெயில் மட்டுமே தெரிந்த ஊர்க்காரர்கள் போடும் யூடியூப் வீடியோக்களைப் பார்த்து அப்படியே கட்டினால் நமக்குச் சரிவராது.

அடுப்பு ஆசை வந்தது மின்வெட்டுக் காலத்தில். 2022இலும் 2023இலும் ஆறாம் நிலை வரைக்கும் போனார்களே, அப்போது கேஸ் சிலிண்டரும் தீர்ந்துபோய் பிராய் கம்பியில், அதாவது வெளியே தணல் போட்டுச் சுடும் கம்பியில், ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் மச்சான் ஏற்கெனவே ஒரு அடுப்பு வைத்திருந்தார், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் அவர் அடுப்பில் முதல் இரண்டு பீட்சா பிரமாதமாக வரும், மூன்றாவதுக்கு மேலே சீஸ் கருகியிருக்கும், அடி வெள்ளையாகப் பச்சை மாவாக இருக்கும். மாவில் கோளாறு, ஈஸ்டில் கோளாறு என்று அக்கா மேல் பழி போட்டுக்கொண்டிருந்தார். கோளாறு தரையில் இருந்தது. கான்கிரீட் தளத்தின் மேல் நேராகவே தரைக்கல்லைப் பரப்பிவிட்டிருந்தார்கள். கல்லுக்கு ஏறும் சூடு கீழே கான்கிரீட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும், அந்தத் தளம் முழுவதும் சூடாகும் வரை தரை தேறாது. எத்தனை கட்டு விறகு போட்டாலும் இதே கதைதான். மேலே தெரியும் குவிமாடத்துக்குச் செலவழித்துவிட்டு, யார் கண்ணிலும் படாத அடித்தளத்தில் காசை மிச்சம் பிடிப்பது இந்த வேலையில் எல்லோருக்கும் வரும் சபலம்.

எங்கள் அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: ஆடி பிறப்பதற்குள் அஸ்திவாரம் போட்டுவிட வேண்டும், ஆடியில் புது வேலை தொடங்கக் கூடாது. கேட்கும்போது சிரிப்பு வந்தாலும் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் நமக்கு வறண்ட மாதங்கள். ஜூன் தொடக்கத்தில் தோண்டினால் ஆகஸ்டுக்குள் கூரை வரை முடித்து, செப்டம்பர் கடைசியில் மழை எட்டிப்பார்ப்பதற்குள் அடுப்பை உலர்த்தியும் விடலாம். நவம்பரில் ஆரம்பித்து கிறிஸ்துமஸுக்கு பீட்சா போடலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்கு நான் சொல்வது, வேண்டாம், ஜூன் வரை பொறுங்கள்.

இடம் பார்ப்பதில் முதல் விஷயம் சரிவு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்தப் பக்கம் எத்தனை தடுப்புச் சுவர்கள் மண்ணோடு சரிந்து போயின என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடித்தளச் சுவரையும் சேர்த்தால் இந்த அடுப்பு ஒரு டன்னுக்கு மேல் நிற்கும். அதைக் கொண்டுபோய்த் தடுப்புச் சுவரின் விளிம்பிலோ, நிரப்பிய மண்ணின் மேலோ வைக்கக் கூடாது. நாங்கள் நிரப்பு மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, கெட்டி மண் வந்த பிறகு 150 மில்லிமீட்டர் கான்கிரீட், உள்ளே ரெஃப் 193 என்ற கம்பி வலை, 19 மில்லிமீட்டர் ஜல்லி. மேட்டுப் பக்கத்திலிருந்து ஓடிவரும் மழைத் தண்ணீர் அடுப்பைச் சுற்றிப் போக ஒரு சின்ன வாய்க்காலும் வெட்டினோம். அதற்கு ஆன செலவு கொஞ்சம்தான், ஆனால் அது இல்லாமல் இருந்திருந்தால் அடுத்த கோடையில் விறகு அறை குளமாகியிருக்கும்.

இரண்டாவது காற்று. கடலோரத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வரும், தென்மேற்கு வந்தால் மழையும் கூடவே வரும். அதனால் அடுப்பின் வாயை இந்த இரண்டு திசைக்கும் காட்டாமல் வடமேற்குப் பார்த்து வைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. ஒட்டுச்சுவர் வீடுகளில் உங்கள் புகைபோக்கிக்கும் அவர்கள் துணி காயப்போடும் கம்பிக்கும் நடுவில் சில மீட்டர்தான் இருக்கும். எத்தெக்வினி, அதாவது டர்பன் நகராட்சியின் கட்டட வரைபட அலுவலகத்திலும் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், வீடு விற்கும்போது வரைபடத்தில் இல்லாத எதுவும் தலைவலிதான்.

அடித்தளச் சுவர் சாதாரண சிமெண்ட் பிளாக், அதன் மேல் கம்பி கட்டிய 100 மில்லிமீட்டர் தளம். இனிதான் முக்கியமான அடுக்கு. தரைக்கல்லுக்கும் தளத்துக்கும் நடுவில் சூட்டைத் தடுக்கும் ஒன்று இருந்தே ஆக வேண்டும். இரண்டு வழி இருக்கிறது. கால்சியம் சிலிக்கேட் பலகை 50 மில்லிமீட்டர், அல்லது வெர்மிகுலைட் என்ற கனிமமும் சிமெண்டும் 5க்கு 1 கலந்து 100 மில்லிமீட்டர். வெர்மிகுலைட் நம் நாட்டுச் சரக்கு, லிம்போபோவில் பலபோர்வாவில் தோண்டுகிறார்கள், உலகத்துக்கே அங்கிருந்து போகிறது, அதனால் பலகையைவிட மலிவு. ஆனால் அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். கலக்கும்போது ஊற்றுகிற தண்ணீர் முழுவதும் வெளியேற வாரக்கணக்கில் ஆகும், மேலே கல்லைப் பரப்பி மூடிவிட்டால் இன்னும் மோசம். பலகைக்கும் இதே குணம் உண்டு, நனைந்தால் அது சூட்டைத் தடுக்காது. நாங்கள் பலகைதான் போட்டோம். ஆனால் அதை நேராகத் தளத்தின் மேல் வைக்காமல், வலையில் ஒட்டி விற்கும் மொசைக் சில்லுகளைக் கவிழ்த்துப் பரப்பி அதன் மேல் வைத்தோம். சில்லுகளுக்கு நடுவில் இருக்கும் சந்துகள் வழியாகத் தண்ணீர் ஓடி, தளத்தில் போட்டிருக்கும் துளைகளில் இறங்கிவிடும். தளம் வார்க்கும்போதே துளைக்குக் குழாய்த் துண்டு வைத்துவிட்டால் பிறகு டிரில் தேடி அலைய வேண்டாம்.

செங்கல் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஃபயர் பிரிக் என்று கேட்டால் கடையில் இரண்டு விதம் காட்டுவார்கள். கையில் எடுத்தால் கனமாக, மஞ்சளாக இருப்பது ஒன்று, அதுதான் சூட்டைச் சேர்த்து வைக்கும். வெள்ளையாக, தெர்மோகோல் எடையில் இருப்பது இன்னொன்று, அது சூட்டைத் தடுப்பதற்கானது, உள்பக்கம் வைத்தால் பீட்சா தள்ளும் துடுப்பு பட்டே பொடிந்துவிடும். விலையும் அதற்கு அதிகம், அதனால் அதுதான் உசத்தி என்று நினைத்து வாங்கிவருபவர்கள் உண்டு. 230க்கு 114க்கு 76 மில்லிமீட்டர் அளவுக் கனக் கல், உள்விட்டம் 90 சென்டிமீட்டர் அடுப்புக்கு உடைசலையும் சேர்த்து 130 முதல் 150 வரை போதும். ஒரே நேரத்தில் மூன்று பீட்சா போட வேண்டும் என்று பெரிய அடுப்புக்கு ஆசைப்படாதீர்கள். பெரிய அடுப்பு சூடாக இரட்டிப்பு விறகு கேட்கும், ஒரு பீட்சா 2 நிமிடத்தில் வெந்துவிடும்போது மூன்றை ஒன்றாகப் போட்டு எதைக் கருகவிடுவது?

கல்லை அறுக்கும்போது முகமூடி போடாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். கிரைண்டரில் வறண்ட கல்லை அறுத்தால் வரும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. இந்த நாட்டின் தங்கச் சுரங்கங்களில் எத்தனையோ பேருடைய நுரையீரலைத் தின்றது அந்தத் தூசிதான். தண்ணீர் சொட்டவிட்டு அறுங்கள். தண்ணீர் நமக்கு உதவுகிற இடம் இந்த வேலையில் இதுவும் இன்னொன்றும்தான், அதாவது கல்லைப் பூசும் முன் வாளியில் நனைத்து எடுப்பது. இல்லாவிட்டால் வறண்ட கல் கலவையிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும், கலவை பிடிக்காது.

தரைக்கல்லைக் கலவை வைத்துப் பூச வேண்டாம். மணலும் ஃபயர் கிளே என்ற சூடு தாங்கும் களிமண்ணும் மெலிதாகத் தூவி ரசமட்டம் பார்த்து நெருக்கமாகப் பரப்பினால் போதும், ஒரு கல் வெடித்தால் அதை மட்டும் மாற்றலாம். துடுப்பின் விளிம்பு எந்தக் கல்லிலும் தடுக்காமல் இருக்க மேலே கையை ஓட்டிப் பாருங்கள், மட்டம் சொல்லாததை உள்ளங்கை சொல்லும்.

குவிமாடத்தை மாமா வந்து தொடங்கிவைத்தார், ஓய்வு பெற்ற கொத்தனார், அந்தக் காலத்தில் இந்த டவுன்ஷிப்பில் பல சுவர்கள் அவர் கையால் எழுந்தவை. தரையின் நடுவில் ஒரு சுழலும் கம்பி, அதன் நுனியில் கல்லைத் தாங்க ஒரு இரும்புக் கோணம். கம்பியின் நீளம்தான் உள் ஆரம், 45 சென்டிமீட்டர். ஒவ்வொரு அரைக்கல்லும் அந்தக் கோணத்தில் உட்கார்ந்தால் தானாகவே வட்டம் வந்துவிடும். "கல்லை உள்பக்கம் ஒன்னோட ஒன்னு முட்ட விடும்மா, வெளிப்பக்கம் எவ்வளவு இடைவெளி வந்தாலும் கலவை பார்த்துக்கும்" என்றார். இவ்வளவுதான் சூத்திரம். ஒரு வரிசை முடிந்து வட்டம் சேர்ந்துவிட்டால் அது விழாது. மேல் வரிசைகளில் மட்டும் கலவை இறுகும் வரை கையாலோ குச்சியாலோ தாங்கிப் பிடிக்க வேண்டும்.

வாயின் உயரம் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். குவிமாடத்தின் உள் உயரத்தில் 63 சதவீதம். எங்களுடையது 45 சென்டிமீட்டர், ஆகவே வாய் 28. பெரிய சட்டி நுழையாதே என்று மாமியார் கேட்டார், நியாயம்தான். ஆனால் வாயை உயர்த்தினால் சூடு முகத்தில் அடித்து வெளியே போய்விடும், குறைத்தால் காற்று உள்ளே வராமல் தீ மூச்சுத் திணறும். சட்டியை உயரம் குறைவாக வாங்குவதுதான் வழி. புகைபோக்கி வாய்க்கு வெளியே, அடுப்புக்கு முன்னால் இருக்க வேண்டும், உள்ளே உச்சியில் அல்ல.

சிமெண்டும் மணலும் மட்டும் கலந்து உள்வட்டத்தைப் பூசக் கூடாது. 400 டிகிரியைத் தாண்டினால் சாதாரண சிமெண்ட் பலம் இழந்து உதிர ஆரம்பிக்கும். மணல் 3, சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, ஃபயர் கிளே 1 என்ற கலவை எங்களுக்குப் போதுமாக இருந்தது. சிமெண்ட் போனாலும் சுண்ணாம்பும் களிமண்ணும் பிடித்துக்கொள்ளும். வாளியில் கலந்தே விற்கும் சிலவகைப் பூச்சுகள் வசதியாகத் தோன்றும், ஆனால் அவை நன்றாகச் சுட்டு முடிக்கும் வரை தண்ணீர் பட்டால் மறுபடி இளகிவிடும் சோடியம் சிலிக்கேட் வகை. நம் ஊர் ஈரத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

குவிமாடத்தின் மேல் சூட்டைத் தடுக்கும் செராமிக் நார்ப் போர்வை, 25 மில்லிமீட்டர் கனத்தில் மூன்று சுற்று. இங்கேதான் பட்ஜெட் இழுக்கும், இரண்டு போதுமே என்று தோன்றும். நான் மூன்றாவதை வாங்க மற்றதில் குறைத்தேன், முகப்புக்கு வைக்க நினைத்த அலங்காரக் கல்லை விட்டுவிட்டேன். அந்தப் போர்வையை வெட்டும்போதும் முகமூடி, முழுக்கைச் சட்டை வேண்டும், நார் தோலில் பட்டால் இரவெல்லாம் அரிக்கும். போர்வைக்கு மேல் கோழி வலை, அதன் மேல் வெர்மிகுலைட் பூச்சு, கடைசியாக மழை தாங்கும் பூச்சு. ஆனால் உச்சியில் ஒரு சின்னக் காற்றுத் துளையை விட்டே ஆக வேண்டும். எவ்வளவு மூடினாலும் ஈரம் உள்ளே போகும், தீ மூட்டியதும் அது ஆவியாகி வெளியே வர வழி தேடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1700 லிட்டர் இடம் கேட்கும். வழி இல்லாவிட்டால் அது பூச்சைப் பிளந்துகொண்டு தன் வழியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அப்புறம், மழை தாங்கும் பூச்சை நம்பித் திறந்த வெளியில் விடாதீர்கள். நான்கு கம்பம், ஒரு தகரக் கூரை. அடுப்பைவிட அந்தக் கூரைதான் எங்கள் முற்றத்தில் அதிகம் உழைக்கிறது.

கட்டி முடித்த பிறகு உலர்த்துவது. வீட்டில் எல்லோரும் மாவு பிசையத் தயாராக நிற்கும்போது பொறுமையாக இருக்க வேண்டிய இடம் இது. பூச்சுக்கு முன்னால், போர்வை மட்டும் போர்த்தியிருக்கும் நிலையில் தொடங்குவது நல்லது. முதல் நாள் கரியில் ஒரு சின்னத் தணல், உள்ளே 100 டிகிரியை ஒட்டியே பல மணி நேரம். அடுத்த நாள் 150, பிறகு 200, இப்படி நாளுக்கு 50 ஆக ஏற்றி ஒரு வாரத்துக்கு மேல். ஈரம் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. போர்வையின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து வைத்தால், உள்ளே இருந்து வரும் ஆவி தாளின் அடியில் முத்து முத்தாகத் திரளும். தாள் வறண்டு இருக்கும் நாள் வரும் வரை தீயைப் பெரிதாக்காதீர்கள். முடி அளவு விரிசல்கள் வரத்தான் செய்யும், அதற்குப் பதற வேண்டாம்.

எங்கள் அடுப்பு உலர்ந்து தயாரானபோது புரட்டாசி பிறந்துவிட்டது. வீட்டில் மாதம் முழுக்கக் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. அதனால் அடுப்பின் முதல் பீட்சாக்கள் எல்லாம் கத்தரிக்காயும் கொத்தமல்லிச் சட்னியும்தான். மட்டன் பீட்சா என்று காத்திருந்த தம்பி மகன் முகம் தொங்கிப்போனது, ஆனால் அந்தக் கத்தரிக்காய் பீட்சாவைத்தான் இன்று வரைக்கும் எல்லோரும் கேட்கிறார்கள்.

விறகைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எதிர்வீட்டு மாமா சொன்னது. கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் பெரிய தேக்சாவில் பிரியாணி இறக்குபவர், தீயோடு ஒரு ஆயுள் வாழ்ந்தவர். இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார், கணீர் என்று கேட்டால் காய்ந்தது, தொம் என்று கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். ஈர விறகு எரியும்போது அதன் சூட்டில் பெரும்பங்கு தன் தண்ணீரையே கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும், மீதி புகை, அந்தப் புகை அக்கம்பக்கம் முழுக்க. வாட்டில் மரமும் கம் எனும் யூகலிப்டஸ் மரமும் நமக்குச் சுலபமாகக் கிடைக்கும், மணிக்கட்டு கனத்துக்குப் பிளந்து, மழை படாமல், தரையில் படாமல், காற்றோட்டமாக அடுக்கி வைத்தால் போதும். வடக்கே சுலுலாந்து பக்கம் போய் மலிவாகக் கிடைக்கிறதென்று பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏற்றி வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தம்போட்டி மரம் பார்க்க அழகு, வாசனையும் நன்றாக இருக்கும், ஆனால் அதன் பால் விஷம், அந்தப் புகையில் வெந்ததைத் தின்றால் வயிறு கலங்கிவிடும். பச்சை ஏறிய வேலிக் கம்பங்களையும் போடாதீர்கள், அவற்றுக்கு ஏற்றியிருக்கும் மருந்தில் ஆர்செனிக் இருக்கிறது. சரக்குப் பலகைகளில் எச்டி (HT) என்ற முத்திரை சூடேற்றிப் பதப்படுத்தியது, எம்பி (MB) என்றிருந்தால் பூச்சிக்கொல்லி வாயு அடித்தது, தொடாதீர்கள்.

தீ மூட்டி ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் கரி படிந்து கறுத்திருக்கும் குவிமாடம் உச்சியிலிருந்து வெளுக்க ஆரம்பிக்கும், கரி எரிந்துபோகிறது என்று அர்த்தம், ஏறக்குறைய 350 டிகிரி. முழுவதும் வெளுத்ததும் தணலை ஒரு பக்கம் தள்ளிவிட்டுத் தரையைப் பெருக்கிவிடலாம். நேபிள்ஸ்காரர்களின் சங்க விதிப்படி தரை 380 முதல் 430 டிகிரி, பீட்சா 60 முதல் 90 நொடி. நான் அவ்வளவு போவதில்லை, 350ஐ ஒட்டியே வைத்து இரண்டு, இரண்டரை நிமிடம் விடுகிறேன், ஏனென்றால் நாம் மேலே வைப்பது தக்காளியும் துளசியும் மட்டும் அல்ல, தக்காளிச் சட்னியில் கிளறிய டின் மீனும் மட்டனும் வேக நேரம் வேண்டும். மேலே போடும் எதுவும் குழம்பாக இருக்கக் கூடாது, அதிலும் தண்ணீர்தான் வில்லன். மாவுக்கு வெள்ளை ரொட்டி மாவு, கேக் மாவு வேண்டாம். 1 கிலோவுக்குத் தண்ணீர் 630 கிராம், உப்பு 28, உடனடி ஈஸ்ட் 2 கிராம், பிசைந்து ஒரு நாள் ஃப்ரிட்ஜில். இதில் 6 உருண்டை வரும். பிப்ரவரிப் புழுக்கத்தில் ஈஸ்டைப் பாதியாக்குங்கள். உருண்டைகளை வெளியே திறந்து வைத்துவிட்டுத் திரும்பினால் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விடும், இதைச் சொல்லாவிட்டால் டர்பன்காரர் எழுதிய கட்டுரையே இல்லை.

பீட்சாவோடு நிறுத்திவிட்டால் போட்ட போர்வைக் காசு வீண். தணல் அடங்கும்போது மடும்பியை, அதாவது சேப்பங்கிழங்கைச் சாம்பலில் புதைத்து வைத்தால் பீட்சா தின்று முடிக்கும் நேரத்தில் வெந்துவிடும். பிறகு தணலை வாரிவிட்டுக் கதவைப் போட்டு மூடினால் சூடு மெல்ல மெல்லத்தான் இறங்கும். மறுநாள் காலை எங்களுடையதில் 200க்கு மேல் இருக்கும், டின் ரொட்டி சுடத் தோதான சூடு. அந்த ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி ஊற்றினால் வீட்டு பன்னி சௌ தயார். மத்தியானம் 120க்கு இறங்கியதும் ஊறவைத்த சுகர் பீன்ஸைக் கொதிக்கவிட்டு, மூடிய சட்டியோடு உள்ளே வைத்துவிட்டால் சாயங்காலம் எடுத்துத் தாளிக்க வேண்டியதுதான். ஒரு தடவை மூட்டிய தீயில் இரண்டு நாள் சமையல்.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. உச்சித் துளையில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன், தளத்துத் துளைகளில் ஒரு கம்பியை விட்டு ஆட்டுவேன். கோடையில் பல வாரம் மூட்டாமல் விட்டு, நடுவில் ஒரு வாரம் விடாத மழையும் பெய்திருந்தால், விருந்தாளிகள் வரும் நாளில் நேராகப் பெருந்தீ மூட்டக் கூடாது. முந்தின நாள் சாயங்காலமே ஒரு சின்னத் தீ போட்டு வைத்துவிடுங்கள். அந்தச் சூட்டில் மறுநாளுக்கான விறகையும் உள்ளே அடுக்கி வைக்கலாம், ஆனால் தணல் ஒரு துண்டுகூட மிச்சமில்லாமல் வாரி, உள்ளே 120 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகுதான்.